காலை எடுப்பதற்கு முன்

"கால எடுத்துத்தான் ஆகணும்." சீனி வருத்தத்தில் புண் ஆறாத நம்ம லயத்து ஆட்களுக்கு இந்த வார்த்தை புதிதல்ல. 1964 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லண்டில் 82 வயது மூதாட்டி ஒருவருக்கும் இதையே சொன்னார்கள். அவர் சம்மதிக்கவில்லை. சார்ல்ஸ் டாட்டர் என்ற கதிரியல் மருத்துவர், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்தார். கால் தப்பியது. 'இன்டர்வென்ஷனல் ரேடியோலஜி' வளர்ந்தது அப்படித்தான்.

எல்லாப் புண்ணுக்கும் இது தீர்வில்லைதான். ஆனால் யாருக்கு உதவும் என்று கண்டு, நேரத்தோடு அனுப்பவேண்டியவர் பலாங்கொடையிலோ தெரணியகலையிலோ வார்டில் நிற்கும் இளம் டொக்டர். தான் பார்த்தேயிராத சிகிச்சைக்கு அவர் எப்படித் துண்டு எழுதுவார்?

சப்ரகமுவ பல்கலைக்கழக மருத்துவ பீடம் நம்ம இரத்தினபுரியிலேயே இருக்கு. அங்கே படிப்பவர்கள் பட்டம் பெறுமுன் ஒரு வாரமாவது இந்தச் சிகிச்சை நடக்கும் அறையில் நிற்கட்டும் என்கிறோம். அதற்குக் கொழும்புக்குத்தான் போகணும் என்றால், கூட்டிப் போங்கள்.

கொழுந்து எடுக்கிறவங்களுக்கும் பால் வெட்டுறவங்களுக்கும் கால்தான் பிழைப்பு. வெட்டுமுன் "வேற வழி இருக்கா?" என்று கேட்கத் தெரிந்த டொக்டர்தான் நமக்கு வேணும்.