போத்தலில் ஒரு சொல்: 'கிளென்' வழக்கு எமக்குச் சொல்வது

தென்ஜேர்மனியின் சுவாபியப் பகுதியில் பேர்க்லென் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள வடிசாலை ஒன்று தனது விஸ்கிக்கு 'கிளென் புக்கன்பாக்' என்று பெயரிட்டது. 'சுவாபிய சிங்கிள் மோல்ட் விஸ்கி', 'ஜேர்மன் உற்பத்தி' என்று லேபலில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். ஆனாலும் ஸ்கொட்ச் விஸ்கி சங்கம் ஹம்பேர்க்கில் வழக்குத் தொடுத்தது.

பிரச்சினை 'கிளென்' என்ற ஒற்றைச் சொல்தான். கேலிக் மொழியிலிருந்து வந்த இச்சொல்லுக்குப் பள்ளத்தாக்கு என்று பொருள். கிளென்ஃபிடிக், கிளென்லிவெட் எனப் புகழ்பெற்ற ஸ்கொட்ச் விஸ்கிகள் பலவும் இதைத் தாங்கியவை.

ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஜூன் 7 அன்று விளக்கம் தந்தது. பெயரைக் கண்டதும் சாதாரண நுகர்வோரின் மனதில் ஸ்கொட்ச் விஸ்கி நேரடியாகத் தோன்றுகிறதா என்பதே கேள்வி. உண்மையான ஊரைப் பக்கத்தில் எழுதியிருப்பது கணக்கில் எடுக்கப்படாது. 2019 பெப்ரவரியில் ஹம்பேர்க் நீதிமன்றம் அப்பெயருக்குத் தடை விதித்தது.

சொல் மட்டுமல்ல, படமும் சிக்கலாகலாம். ஸ்பெயினின் மன்செகோ பாற்கட்டி வழக்கில், ஓர் ஊரை நினைவூட்டும் ஓவியங்களும் அங்குள்ள பாதுகாக்கப்பட்ட பெயரை நினைவூட்டக்கூடும் என்று அதே நீதிமன்றம் 2019 மே மாதம் கூறியது. ஸ்கொட்லாந்துச் சாயலில் ஒரு போத்தலை வடிவமைப்பவர் கட்டம்போட்ட துணியையும் கலைமானையும் வரையுமுன் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் முடிவு வேறு. 1968 முதல் விற்பனையான 'பீட்டர் ஸ்கொட்' விஸ்கிக்கு எதிரான வழக்கில், 2008இல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் நீண்ட தாமதத்தைச் சுட்டிக்காட்டி அப்பெயரை நிலைக்கவிட்டது. உரிமை இருந்தாலும் உறங்கினால் கைநழுவும்.

ஸ்கொட்லாந்துக்காரரின் பிடிவாதம் சிலருக்கு அடாவடியாகத் தெரியலாம். ஒரு பள்ளத்தாக்குச் சொல்லை யார் சொந்தம் கொண்டாடுவது என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் ஊரின் பெயரில் உழைப்பின் பெறுமதி தங்கியிருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். 2022இல் 'சிலோன் கறுவா' ஐரோப்பாவில் இவ்வகைப் பாதுகாப்பைப் பெற்றது.

வடக்கின் பனங்கட்டியையும் பனஞ்சாராயத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இத்தகைய பதிவுக்குப் பொருளுக்கும் மண்ணுக்கும் உள்ள தொடர்பை எழுத்தில் நிறுவ வேண்டும். இடம்பெயர்வுகளில் ஆவணங்களைத் தொலைத்த சமூகம் நாங்கள். சீவல் தொழிலின் நுட்பம் இன்னும் முதியவர்களின் நினைவில் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கூட்டுறவுச் சங்கங்களும் பல்கலைக்கழகமும் அதை எழுதி வைக்க வேண்டும். அழகான லேபலை அதற்குப் பிறகும் வரையலாம்.