கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

எட்டாயிரம் ரூபாய் ஹெட்லைட்டை மறுபேச்சில்லாமல் வாங்கி மாட்டுகிற மனிதர், "லைட்டில் ஒன்றுமில்லை, எர்த் போல்ட்டைச் சுரண்டி முடுக்கினேன், முந்நூறு கொடுங்கள்" என்றால் முகம் சுளிக்கிறார். "ஒரு போல்ட் முடுக்குறதுக்கு முந்நூறா?" ஒட்டன்சத்திரத்தில் ஆட்டோ எலக்ட்ரீசியனாகக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. ஆனால் இந்தக் கேள்விதான் ஊரில் தேவையில்லாத பார்ட்டுகள் விற்பதற்குக் காரணம் என்பது என் கட்சி.

ஏழு பேர், எட்டு பேர் உட்காரும் பெரிய வண்டிகளில் இந்தக் கதை அதிகம். வண்டி பெரிது, அதனால் கோளாறும் பெரிதாகத்தான் இருக்கும் என்று ஓனரே நினைத்துக்கொண்டு வருகிறார். மெக்கானிக் பெரிய தொகை சொன்னால் சந்தேகப்படுவதில்லை. சின்னத் தொகை சொன்னால்தான் சந்தேகம்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஆள் ஏற்றிப் போகும் டிரைவர் தம்பி ஒருவர் வந்தார். "அண்ணே, பிரேக் மிதிச்சா டேஷ்போர்டு லைட்டு லேசா எரியுது. வயரிங் கிட் முழுசா மாத்தணும்னு சொல்லிட்டாங்க." எழுதிக் கொடுத்த தொகையைப் பார்த்தால் அந்தத் தம்பியின் ஒரு மாத வருமானம் போலிருந்தது. பார்க் லைட்டைப் போட்டுவிட்டு பிரேக்கை மிதிக்கச் சொல்லி, வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். வலதுபக்கம் பளிச்சென்று சிவந்தது. இடதுபக்கம், அதுவரை மங்கலாக எரிந்துகொண்டிருந்ததும் அணைந்துபோனது. மலைப்பாதையில் ராத்திரி பிரேக் போடும் அந்த நொடியில், பின்னால் வருகிறவனுக்கு இந்த வண்டியின் இடது பாதி தெரியாது.

இதற்குக் காரணம் எளிது. பின் விளக்கின் பல்பில் இரண்டு இழைகள்: பிரேக்குக்கு 21 வாட், பார்க் லைட்டுக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் அறுந்தால் பிரேக்குக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல், பக்கத்து இழையில் ஏறி, பார்க் லைட் வயர் வழியே போய் நம்பர் பிளேட் விளக்கையும் டேஷ்போர்டு விளக்கையும் லேசாக எரியவைக்கும். பார்க் லைட்டும் சேர்ந்து போட்டிருந்தால் இழையின் இரண்டு முனையிலும் 12 வோல்ட் நிற்கும். கரண்ட் எங்கே ஓடும்? விளக்கு அணையும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் எர்த்திலும் வைத்து பிரேக்கை மிதித்தால், சுழியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே எனக்குச் சந்தேகம் வரும். இங்கே 9 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் இடதுபக்கம் இடி வாங்கி, டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயிண்ட். அதன் மேலேயே போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். எமரி பேப்பரால் தகரம் வெள்ளையாகும் வரை தேய்த்து, முடுக்கி, துரு ஏறாமல் மேலே வாசலின் தடவினேன். வயரிங் கிட்டுக்கு வேலையே இல்லை.

செல்ஃப் மோட்டார் கதையும் இதே ஜாதிதான். பெரிய டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் இருநூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை வந்தாலே 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். இன்ஜின் திணறும். உடனே "செல்ஃப் போச்சு" என்பார்கள், அல்லது பேட்டரியை மாற்றுவார்கள். பேட்டரி குற்றவாளியா என்று பார்க்க அதிக நேரம் வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மீது சந்தேகப்படலாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வந்தால் ஆல்டர்னேட்டர் நல்லபடி வேலை செய்கிறது.

இப்போது ஸ்கேனர் வந்துவிட்டதே, அது சொல்லாதா என்பார்கள். சொல்லும், ஆனால் பாதிதான். பி0087 என்று கோடு வந்தால் காமன் ரயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்று அர்த்தம். ஏன் குறைவு என்று அது சொல்லாது. டீசல் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டேங்கிலிருந்து வரும் பைப்பில் காற்று புகுந்திருக்கலாம், சென்சாரே பொய் சொல்லலாம். ஃபில்டரில் ஆரம்பித்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதற்கு நேரமாகும், நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அதனால் நேரே ஹைபிரஷர் பம்ப்புக்குப் போய்விடுகிறார்கள். எலி கடித்த ஒரு வயருக்காக ஒரு வண்டியில் சென்சார்களாக மாற்றிக்கொண்டே போனதையும் பார்த்திருக்கிறேன். மார்க்கெட் பக்கம் நிறுத்துகிற வண்டிகளில் நான் முதலில் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கையைத்தான் தேடுவேன்.

மெக்கானிக்கல் பக்கம் என் தொழில் இல்லை. ஆனாலும் வண்டியை ஓட்டிப் பார்க்காமல் பார்ட் பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள் என்பேன். எண்பது, தொண்ணூறில் போகும்போது ஸ்டியரிங் உதறினால் முதலில் வீல் பேலன்சிங். பிரேக் போட்டால் மட்டும் உதறினால் டிஸ்க். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது இரைச்சல் கூடி, மறுபக்கம் திரும்பினால் குறைந்தால் பேரிங். தார், ஸ்கார்ப்பியோவின் ஃபோர் வீல் மாடல்களை நல்ல தார் ரோட்டில் 4எச்-இல் போட்டு ஓட்டிவிட்டு, திருப்பும்போது வண்டி இழுத்துப் பிடிக்கிறது என்று வருகிறார்கள். அதில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வேகத்தில் கட்டப்பட்டிருக்கும், வழுக்காத ரோட்டில் பிடிக்கத்தான் செய்யும். 2எச்-க்கு மாற்றினால் போதும். இதற்குக் கியர்பாக்ஸைக் கழற்றுவானேன்?

விளக்கு விஷயத்தில் ஓனர்கள் மேலேயே எனக்குக் கோபம் உண்டு. வெளிச்சம் போதவில்லை என்று வருகிறவர்களின் வண்டியில் பெரும்பாலும் கண்ணாடி மஞ்சளடித்திருக்கும். அது கண்ணாடிகூட இல்லை, பாலிகார்பனேட். வெயிலில் மேல்பூச்சு போய்விட்டது. தண்ணீர் ஊற்றி உப்புத்தாளால் படிப்படியாக நைசாகத் தேய்த்து, புதிதாக கிளியர் கோட் அடித்தால் பழைய வெளிச்சம் வரும். அதைச் செய்யாமல் 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 போடச் சொல்கிறார்கள். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பளபளப்பு போகும். இல்லையென்றால் எல்இடி. ஹாலஜன் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுத்தான் ரிஃப்ளெக்டரின் வளைவைச் செய்திருக்கிறார்கள். எல்இடி சில்லு அந்த இடத்தில் உட்காராவிட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே பைக்கில் வருகிறவன் கண்ணில் விழும். பெரிய வண்டிக்கு விளக்கே உயரம் வேறு.

ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னத் திருகு பல வண்டிகளில் இருக்கும். பின்னால் ஆளும் லக்கேஜும் ஏறினால் மூக்கு தூக்கும், வெளிச்சமும் தூக்கும். அந்தத் திருகைத் திருப்பினால் வெளிச்சம் இறங்கும். இலவசம். வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாத வண்டிகள்தான் என் கடைக்கு அதிகம் வருகின்றன.

ஒர்க்ஷாப் பில்லில் பார்ட்டுக்கு ஒரு வரி, மாட்டிய கூலிக்கு ஒரு வரி இருக்கிறது. கண்டுபிடித்த கூலிக்கும் ஒரு வரி வேண்டும், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஓனரும் பணம் கொடுப்பதற்கு முன்னால் "இதுதான் கோளாறு என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்க வேண்டும். மீட்டரில் என்ன காட்டியது, ஓட்டிப் பார்த்தபோது என்ன கேட்டது என்று சொல்ல முடியாதவர், பார்ட்டை மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கப்போகிறார், அதுவும் உங்கள் செலவில்.

கூலியையும் வாங்கிக்கொண்டு கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன செய்வது என்று சக தொழில்காரர் ஒருவரே என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. என் கடையில் கோளாறு பிடிபடாவிட்டால் பாதிக் கூலிதான். எதையெல்லாம் பார்த்தேன், எவையெல்லாம் நன்றாக இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவேன். அடுத்து பார்க்கிற மெக்கானிக் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.