ஆயுதம் இரகசியம், ஆபத்துமா இரகசியம்?

2024 ஆகஸ்டு 29-ம் தேதி விசாகப்பட்டினத்தில் ‘அரிகாத்’ நீர்மூழ்கிக் கப்பல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. 2009 ஜூலை 26-ம் தேதி நீரில் இறக்கப்பட்டு 2016-ல் கடற்படைக்கு வந்த ‘அரிஹந்த்’ கப்பலுக்கு அடுத்தது இது. இவை அணுசக்தியால் ஓடுபவை. அணுகுண்டு தாங்கிய ஏவுகணைகளை நீருக்கடியிலிருந்தே செலுத்தக் கூடியவை. இத்தகைய கப்பல்களைத் தாமே கட்டும் நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் இந்தியாவும் ஒன்று என்பது பெருமைக்குரியதே.

இக்கப்பல்களின் அவசியத்தையும் மறுப்பதற்கில்லை. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்பது 2003-ல் இந்தியா முறைப்படி வெளியிட்ட கொள்கை. முதலில் அடிக்க மாட்டேன் என்று சொல்கிறவன், அடிபட்ட பிறகும் திருப்பி அடிக்கும் சக்தி தன்னிடம் உண்டு என்று எதிரிக்கு உணர்த்தியாக வேண்டும். விமான தளமும், தரையில் நிற்கும் ஏவுகணையும் எதிரியின் கண்ணில் படக்கூடும். டீசல் நீர்மூழ்கி பாட்டரிகளைச் சார்ஜ் செய்துகொள்ள அவ்வப்போது நீர்மட்டத்தை ஒட்டி வந்தே தீர வேண்டும். அணு உலை உள்ள கப்பலுக்கு இத்தொல்லை இல்லை. வாரக்கணக்கில் ஆழத்திலேயே மறைந்திருக்கும்.

இக்கப்பல் ஒரே ஊரில் உருவானதல்ல. இதன் உலைக்கான மாதிரி கல்பாக்கத்தில் தரையிலேயே அமைத்து ஓட்டிப் பார்க்கப்பட்டது. 2009-ல்தான் அது வெளியாருக்குக் காட்டப்பட்டது. யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை மைசூருக்கு அருகே ரத்தஹள்ளியில் உள்ளது. அரிஹந்தின் உடற்பகுதிகள் குஜராத்தில் ஹசீராவில் தயாராகி, விசாகப்பட்டினத்தில் ஒன்று சேர்க்கப்பட்டன. விஞ்ஞானிகள், என்ஜினீயர்களுடன் வெல்டர், பிட்டர், பெயிண்டர், ஸ்டோர் குமாஸ்தா என எத்தனையோ பேரின் உழைப்பு இதில் அடங்கியிருக்கிறது. இத்தகைய வேலைத்தலம் எதுவும் வெளியூர்க்காரர்கள் இல்லாமல் நடப்பதில்லை. அவர்களில் பலர் கான்டிராக்ட் தொழிலாளர்கள்.

2014 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில், கட்டுமானத்தில் இருந்த நீர்மூழ்கியின் தொட்டி ஒன்றுக்கு நீர் அழுத்தச் சோதனை நடந்தபோது விபத்து நேர்ந்தது. கான்டிராக்ட் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், இருவர் காயமடைந்தனர். இரண்டொரு நாள் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பிறகு பேச்சு அடங்கிவிட்டது.

கப்பல் போருக்குப் போகுமுன்பே ஆளைக் கொல்லும் என்பதற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. 2008 நவம்பரில் ரஷ்யாவின் ‘நெர்ப்பா’ அணுசக்தி நீர்மூழ்கி கடலில் சோதனை ஓட்டத்தில் இருந்தது. தீயணைப்பு வாயு திடீரென்று திறந்துகொண்டதில் 20 பேர் மாண்டனர். அவர்களில் 17 பேர் கடற்படையினர் அல்லர். கப்பல் தளத்தைச் சேர்ந்தவர்கள். அதே கப்பல்தான் 2012-ல் குத்தகைக்கு இந்தியா வந்து, ‘சக்ரா’ என்ற பெயரில் 2021 வரை இருந்தது.

கதிரியக்கத்தின் ஆபத்து இதனினும் நுட்பமானது, கண்ணுக்குத் தெரியாதது. 2003 ஜனவரியில் கல்பாக்கத்தில், எரிந்த அணு எரிபொருளைச் சுத்திகரிக்கும் ஆலையில் ஊழியர்கள் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிரியக்கத்துக்கு ஆளானார்கள். பல மாதங்களுக்குப் பிறகே இது வெளியுலகுக்குத் தெரிந்தது. நீர்மூழ்கி உலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த ஆலையை நடத்திய பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் அமைப்புகள், 2000-ம் ஆண்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டிருந்தன என்பதை மறந்துவிட முடியாது. வேலை வாங்குகிறவரே பாதுகாப்புக்கும் நீதிபதியானால் ஊழியர் யாரிடம் முறையிடுவார்?

இரகசியம் காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். காக்கத்தான் வேண்டும். எத்தனை அழுத்தத்தில் தொட்டியைச் சோதித்தார்கள் என்று சொன்னால், கப்பல் எவ்வளவு ஆழம் போகும் என்பதை எதிரி கணக்கிட்டுவிடுவான். அதைச் சொல்ல வேண்டாம். ஆனால் சோதனையின்போது ஆட்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருந்ததா, அது கடைப்பிடிக்கப்பட்டதா, இல்லையென்றால் பொறுப்பாளி யார் என்பதைச் சொல்வதால் எந்த எதிரிக்கும் லாபமில்லை. அடுத்த சோதனையில் நிற்கப் போகும் தொழிலாளிக்குத்தான் லாபம்.

ஆகவே சில ஏற்பாடுகள் உடனடியாகத் தேவை. விபத்து நேரும்போதெல்லாம் விசாரணை நடத்தி, இராணுவ விவரங்களை நீக்கிவிட்டு, பாதுகாப்பு பற்றிய முடிவுகளைக் குறித்த காலத்துக்குள் வெளியிட வேண்டும். தளத்தின் தலைமைக்குக் கட்டுப்படாத அதிகாரி ஒருவர் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டும். நிரந்தர ஊழியருக்கு உள்ள பயிற்சியும் மருத்துவச் சோதனையும் கான்டிராக்ட் தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும். அவர் உடலில் பட்ட கதிரியக்க அளவைக் குறித்த புத்தகம் அவர் கையிலேயே இருக்க வேண்டும். கான்டிராக்ட் முடிந்து ஊர் திரும்பியவருக்குப் பத்தாண்டு கழித்து நோய் வந்தால், அந்தப் புத்தகம்தான் அவருக்குச் சாட்சி.

எச்சரிக்கைப் பலகைகள் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் இருப்பதும் முக்கியம். தமிழ்நாட்டிலிருந்தோ ஒரிசாவிலிருந்தோ பிழைக்க வந்தவருக்கு, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் எழுதிய பலகை வெறும் சுவர்தான். அவர் இறந்தால் நஷ்டஈட்டுக்காக அவர் மனைவி பாஷை தெரியாத ஊரில் கான்டிராக்டர் வாசலிலும் கோர்ட்டு வாசலிலும் காத்துக் கிடக்கும்படி விடக்கூடாது. வேலை அரசாங்கத்தினுடையது; பொறுப்பையும் அரசாங்கமே ஏற்பதுதான் நியாயம்.

எல்லையில் மடிகிற ஜவானுக்கு நாடு மரியாதை செய்கிறது, அது முறையே. அந்த ஜவானுக்கு ஆயுதம் செய்து தரும்போது மடிகிறவர் எப்படி மடிந்தார் என்பதையாவது நாடு அறிய வேண்டாமா? பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.