மழையை அளக்கும் வகுப்பறை

2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். பெருங்களத்தூர், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இரவை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் 49 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் படித்தவர்களிலும் பலர் தயங்குவார்கள். ஐந்தாம் வகுப்பின் பெருக்கல் தெரிந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சரியாக ஒரு லிட்டர். நம் பக்கம் மனை விற்கும் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 223 சதுர மீட்டர். அதை 490 மில்லிமீட்டரால் பெருக்கினால் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் லிட்டர் வருகிறது. ஒரே ஒரு கிரவுண்டு மனையின் மேல், 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஒன்பது வந்து கொட்டிய அளவு. மீட்டரையும் லிட்டரையும் பெருக்கலையும் பள்ளி தனித்தனியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மூன்றையும் சேர்த்து ஒரு கேள்விக்கு விடை காணும் பழக்கத்தை மட்டும் பெரும்பாலும் தருவதில்லை. அந்தப் பழக்கம் தொடக்கப் பள்ளியிலேயே வர வேண்டும், பிள்ளைகள் தங்கள் கையால் அளந்தால்தான் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அளவைகள் பாடம் வகுப்பில் பொதுவாக எப்படி நடக்கிறது? பத்து மில்லிமீட்டர் ஒரு சென்டிமீட்டர், நூறு சென்டிமீட்டர் ஒரு மீட்டர் என்று வாய்பாடு கரும்பலகையில் ஏறும். பிறகு 3 மீட்டர் 45 சென்டிமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றுக என்று பத்துக் கணக்கு. இது நூறால் பெருக்கும் பயிற்சி. இதில் அளவை எங்கேயும் இல்லை. அமெரிக்காவில் தேசிய அளவில் நடக்கும் நேப் தேர்வில் ஒரு கேள்வி பிரபலமானது: ஸ்கேலின் பூஜ்யத்தில் தொடங்காமல், நடுவே எட்டில் தொடங்கிப் பத்தரையில் முடியும் ஒரு பல்குச்சியின் நீளம் என்ன? நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தவறாகச் சொன்னார்கள். குச்சி முடியும் இடத்தில் உள்ள எண்ணை நீளம் என்று எழுதுவது, இடைவெளிகளை விட்டுக் கோடுகளை எண்ணுவது, இரண்டும் எந்த நாட்டுப் பிள்ளையும் செய்யக்கூடிய பிழைகள்தான். நீளம் என்பது சம அலகுகளை இடைவெளி விடாமல் அடுக்கி எண்ணுவது என்ற எண்ணம் மனத்தில் விழாதவரை எத்தனை வாய்பாடு ஒப்பித்தாலும் இந்தப் பிழை போகாது.

அந்த எண்ணத்தைக் கையால் கற்க வழிசெய்யும் மழைமானியை இப்போது பார்ப்போம். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் உள்ளே செருகினால் மானி தயார். செலவு ஒன்றுமில்லை. ஆனால் பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அங்கே அளவு சரியாக வராது. கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூஜ்யக் கோடு போட வேண்டும். பாட்டிலில் ஒட்டக் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் ஸ்கேலிலோ ஓரத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. அதைக் கவனிக்காமல் ஒட்டினால் மூன்று நான்கு மில்லிமீட்டர் தவறும். பூஜ்யம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு பிள்ளை யோசித்து முடிவு செய்யும் அந்த இரண்டு நிமிடம், பத்து மாற்றல் கணக்குகளைவிட மேலானது. அடுத்து, நேரான சுவருள்ள அகலமான எவர்சில்வர் டப்பா ஒன்றைப் பக்கத்தில் வைத்து, எதில் மட்டம் அதிகம் உயரும் என்று கேட்க வேண்டும். அகலமான டப்பாவில்தான் என்று பல பிள்ளைகள் சொல்லக்கூடும். மழை நின்றதும் இரண்டிலும் ஒரே உயரம் நிற்கும். தண்ணீர் அதிகம் விழுந்தாலும் பரவ இடமும் அதிகம் என்பதை அவர்களே பேசிக் கண்டுபிடித்துவிட்டால், மழையை லிட்டரில் சொல்லாமல் ஏன் உயரத்தில் சொல்கிறோம் என்பது விளங்கிவிடும். அப்போது வீட்டுப் பிளாஸ்டிக் வாளியையும் கொண்டுவரச் சொல்லலாம். வாய் அகன்று அடி குறுகிய வாளியில் மட்டம் கூடுதலாகக் காட்டும். ஏன் என்பது அடுத்த நாளைக்கான கேள்வி.

ஆசிரியர்கள் சொல்லும் தயக்கம் ஒன்று நியாயமானது. ஐந்து குழு அளந்தால் ஐந்து விடை வரும், எதைச் சரி என்று சொல்வது? ஒரு குழு 31, இன்னொன்று 33, மற்றொன்று 38 மில்லிமீட்டர் என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பாட்டில் மரத்தடியில் இருந்ததா, கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியதா, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார்களா என்று விசாரிக்க வேண்டும். அளவில் பிழை வருவது இழிவல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. 1802-ல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவீட்டுக்கான அடிக்கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே, சுமார் 12 கிலோமீட்டர் தூரத்துக்கு, நூறடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் மட்டமாகக் கிடத்தி, கூடவே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு அளவையும் திருத்தினார். தன் கருவி எவ்வளவு பொய் சொல்லும் என்பதையும் சேர்த்து அளந்தவர் அவர். வேறுபாடெல்லாம் பிழையும் அல்ல. 2015-ல் அதே 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29, மீனம்பாக்கத்தில் 35, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாகியது. மழையே இடத்துக்கு இடம் வேறாகப் பெய்தது. எது கையின் பிழை, எது மழையின் வேறுபாடு என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதற்கு மேல் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன அறிவியல் வேண்டும்?

இதெல்லாம் வாழ்க்கையே கற்றுத்தரும், பள்ளி எழுத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் 2025-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்ப் பதில். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் செய்யும் பிள்ளைகள் எடையையும் விலையையும் மனத்திலேயே பெருக்கிச் சரியாகச் சில்லறை தந்தார்கள். அதைவிட எளிய கணக்கைப் பள்ளி முறையில் எழுதிக் கொடுத்தால் தடுமாறினார்கள். பள்ளி மட்டும் செல்லும் பிள்ளைகளின் நிலை நேரெதிர். சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகச் செய்த ஒரு சந்தைக் கணக்கை, பள்ளிப் பிள்ளைகளில் ஒரு சதவீதம் பேரே செய்தார்கள். வாழ்க்கை கற்றுத்தருவது ஏட்டுக்குத் தானாக வருவதில்லை, ஏட்டில் கற்றது வாழ்க்கைக்குத் தானாகப் போவதுமில்லை. இரண்டையும் இணைத்துத் தர வேண்டிய இடம் வகுப்பறை. பிள்ளை மழைமானியில் படித்ததைத் தன் நோட்டில் பெருக்கலாக எழுதி, அந்த விடையைத் தன் வீட்டு மாடியோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் அந்த இணைப்பு ஏற்படும்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம்தானே, அதில் படித்தவர்கள் கணக்கில் புலிகளாக இருக்கவில்லையா என்ற கேள்வியும் வரும். இருந்தார்கள். ஆனால் அவர்கள் ஒப்பித்தது எதை? நெல் அளவைகளின் வாய்பாடான நெல்லிலக்கத்தில் வரும் ஆழாக்கும் உழக்கும் நாழியும் மரக்காலும் அன்றாடம் வீட்டிலும் களத்துமேட்டிலும் கையில் புரண்டவை. மனப்பாடத்தின் எதிரே பொருள் இருந்தது. மனப்பாடத்துக்கு நான் எதிரியல்ல, பெருக்கல் வாய்பாடு நாவில் நிற்காத பிள்ளை மழைக்கணக்கின் நடுவே தவித்துப்போகும்.

இதைவிடக் கனமான மறுப்பு, செயல்வழிக் கற்றலைத்தான் பார்த்துவிட்டோமே என்பது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08 வாக்கில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது அது. பிள்ளைகளைப் பயமின்றித் தரையில் உட்கார்ந்து படிக்க வைத்தது பெரிய காரியம். ஆனால் அட்டையை எடு, முடி, அடுத்த அட்டைக்குப் போ என்று பல இடங்களில் அட்டையே புதிய வாய்பாடாகிவிட்டது என்ற குறையும் எழுந்தது. அந்தக் குறையை நான் ஏற்கிறேன். கை வேலை செய்தால் மட்டும் மூளை வேலை செய்துவிடாது. விடை முன்பே தெரிந்த செயல்பாட்டில் யோசிக்க ஒன்றும் இருப்பதில்லை. நாளைக் காலை பாட்டிலில் எவ்வளவு இருக்கும் என்பது ஆசிரியருக்கும் தெரியாது, புத்தகத்தின் பின்பக்கத்திலும் இராது. அதனாலேயே அது நல்ல செயல்பாடு. இதே காரணத்துக்காக, தனியார் பள்ளிகளில் ப்ராஜெக்ட் என்ற பெயரில் அம்மா அப்பா இரவெல்லாம் தெர்மாகோல் வெட்டிச் சார்ட் ஒட்டிக் கொடுத்தனுப்புவதை நான் கணக்கிலேயே சேர்க்கமாட்டேன். அதில் அளந்தது யார்?

நேரம் இல்லை என்பது கடைசித் தடை. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் சமாளிப்பவரிடம் இன்னொரு வேலையை நீட்டுவது எளிதல்ல என்பது உண்மை. ஆனால் மானியைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒரே மானியைச் சுற்றி நிற்கலாம்: இரண்டாம் வகுப்பு எண்ணைப் படிக்கட்டும், மூன்றாம் வகுப்பு நேற்றோடு கூட்டட்டும், நான்காம் வகுப்பு பட்டை வரைபடம் போடட்டும், ஐந்தாம் வகுப்பு பள்ளிக் கூரையில் விழுந்த லிட்டரைக் கணக்கிடட்டும். எட்டு வயதுக்குள் எண்ணறிவும் எழுத்தறிவும் என்ற இலக்கோடு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நோக்கத்துக்கும் இது ஒத்ததே. கல்வித் துறை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பருவத் தேர்வில் அளவைப் பாடத்துக்கான மதிப்பெண்ணில் ஒரு பகுதியைப் பிள்ளை தானே எடுத்த அளவுக்கு ஒதுக்க வேண்டும். தேர்வில் இல்லாதது வகுப்பில் நிலைக்காது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வருகிறது, இரண்டாம் பருவப் பாடமும் அப்போதுதான் தொடங்குகிறது. கனமழை நாளில் பள்ளிக்கு விடுமுறை விடுவார்கள் என்பதால் மானி பிள்ளைகளின் வீட்டு மாடியிலும் இருக்கட்டும். மழை விட்ட பிறகு, தினமும் காலை எட்டரைக்கு, வானிலை மையம் அளக்கும் அதே நேரத்தில், பெரியவர் ஒருவர் துணையோடு படிக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் கொத்தனார் ஒருவர் இருந்தால், டியூப்பில் தண்ணீர் நிரப்பி இரண்டு சுவருக்கு மட்டம் பார்ப்பதை வகுப்பில் ஒரு மணி நேரம் செய்துகாட்டச் சொல்லலாம். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்துத் தெருவுக்கும் ஜிஎஸ்டி சாலைக்கும் எத்தனை அடி ஏற்றத்தாழ்வு, எந்தத் தெருவில் தண்ணீர் முதலில் நிற்கும் என்ற கேள்விகளுக்கு அடுத்தபடியாகப் போய்விடலாம். செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று 2015 வெள்ளத்தின்போது கேட்டோம். அது விநாடிக்குச் சுமார் எட்டு லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் அடையாற்றில் சேரும் இடம் முடிச்சூருக்குக் கீழே, திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரை மூழ்கடித்த வெள்ளம் ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்தது. பத்து ஆண்டுக்குப் பிறகும் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு வரைபடத்தையும் தங்கள் மழைக்கணக்கையும் வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் இதைத் தெளிவுபடுத்திவிடலாம், அந்த வாரத்தை நாம் அவர்களுக்குக் கொடுத்தால்.