தோற்றவருக்கு வரவேற்பு

ஜெயித்து வந்தவருக்கு மாலை போடுவதில் என்ன அதிசயம்? தோற்று வந்தவரை ஊரே கூடி அழைத்த கதை அமெரிக்காவில் பபலோ நகரத்தில் நடந்தது.

அமெரிக்கர்களின் புட்பால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, முட்டி மோதி ஓடும் ஆட்டம். உதைப்பதற்கென்றே தனி ஆள் உண்டு. பாவம், பெரும்பாலும் ஓரமாக நிற்பார். இக்கட்டான சமயத்தில்தான் அவரைத் தேடுவார்கள்!

1991 ஜனவரி 27-ந் தேதி, 'சூப்பர் பௌல்' என்னும் இறுதிப் பந்தயம். நியூயார்க் ஜயண்ட்ஸ் 20, பபலோ பில்ஸ் 19. பாக்கி இருந்தது எட்டே விநாடி. 47 கஜ தூரத்திலிருந்து ஸ்காட் நார்வுட் உதைத்தார். கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி. பந்தோ வலது கம்பத்துக்கு வெளியே பறந்தது.

மறுநாள் பபலோவின் நகர மண்டபத்தின் எதிரே ஆயிரக்கணக்கான ஜனங்கள். வசை பாடவா வந்தார்கள்? இல்லை, ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும் என்று ஒரே கோஷம். மனிதர் முன்னே வந்தார். பேச முடியாமல் நா தழுதழுத்தது. (சாம்பாரில் ஒரு நாள் உப்புக் கூடினால் முகம் சுளிக்கும் கணவன்மார் கவனிக்க!)

அடுத்த மூன்று வருஷமும் பில்ஸ் இறுதிப் பந்தயம் வரை போய்த் தோற்றது. ரசிகர்கள் கலையவில்லை. 2024 ஜனவரியில் பனிப்புயல் மைதானத்தை மூடியபோது, மண்வாரியுடன் பலர் வந்து பனியை அள்ளினார்கள். மணிக்கு 20 டாலர் கூலி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தன்று வந்தவர்களோ, பனியில் புதைந்த ஆசனங்களைத் தாங்களே தோண்டி எடுத்து உட்கார்ந்தார்கள். அன்று பில்ஸுக்கே ஜெயம்: 31-17.