நல்லாயிட்டேன்னு மாத்திரையை நிறுத்தாதீங்க!



சர்க்கரை, பிரஷர், தைராய்டு பற்றி நமக்குக் கடிதம் எழுதுபவர்கள் பெயர், ஊர், பின்கோடு வரை தெளிவாகப் போட்டு எழுதுகிறார்கள். 'மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்' என்பவர்கள் மட்டும், 'தயவுசெய்து பெயரை வெளியிட வேண்டாம்' என்று அடிக்கோடு போட்டு அனுப்புகிறார்கள். அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான்... 'இப்ப நல்லாத்தான் இருக்கேன். மாத்திரையை விட்டுடலாமா?'

இந்தக் கேள்வி பாதி அவர்களுடையது. மீதி வீட்டில் உள்ளவர்களுடையது. 'இன்னும் எத்தனை நாளைக்கு இதை முழுங்கிட்டு இருப்பே?', 'பழகிப் போயிடும்டி', 'வெளியே தெரிஞ்சா தங்கச்சிக்கு வரன் அமையுமா?' என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினால், பாவம், அவள்தான் என்ன செய்வாள்? ஒரு நாள் சத்தமில்லாமல் மாத்திரை அட்டை குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது.

அதுதான் ஆபத்து!

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளுவாக்சிடின் போன்றவை தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடன் கேட்பவை அல்ல. பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகலாம். ஆனால், குமட்டல், தலைவலி, தூக்கம் மாறுவது போன்ற தொந்தரவுகள் முதல் வாரமே வந்துவிடும். 'இது எனக்கு ஒத்துக்கலை' என்று பலர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அவை தானாகத் தணிந்துவிடும். தணியாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவார் அல்லது வேறு மருந்து தருவார். தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவதும் ஒரு பக்கவிளைவுதான். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அதற்கும் வழி இருக்கிறது.

'நல்லாயிட்டேன்' என்று தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். முன்பே ஓரிரு முறை வந்து போன நோய் என்றால் இன்னும் கூடுதல் காலம். பாதியில் விட்டால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். அதனால்தான் டாக்டர்கள் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துகிறார்கள்.

'இது போதை மாத்திரைதானே?' என்ற பயமும் பலருக்கு உண்டு. அல்பிரசோலம் போன்ற பதற்றத்தைத் தணிக்கும் மாத்திரைகள்தான் நாளாக ஆகப் பழக்கமாகி, இன்னும் வேண்டும் என்று கேட்க வைக்கும். மனச்சோர்வு மாத்திரை அந்த ரகம் இல்லை. உங்கள் சீட்டில் எந்த மாத்திரை எதற்கு என்று டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயங்கள்... ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கும் கேட்கும் என்று நினைக்காதீர்கள். பழைய சீட்டை நீட்டி மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிக்கொண்டே இருப்பதும் வேண்டாம். டிரமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் கலந்த இருமல் மருந்து இரண்டும் இதோடு சேர்ந்தால் சிக்கல் வரலாம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் சேர்ந்தால் ரத்தக்கசிவு ஏற்படலாம். எனவே பல் டாக்டரிடம் போனாலும் சரி, நாட்டு மருந்து வாங்கினாலும் சரி, 'நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்' என்று முதலில் சொல்லுங்கள்.

கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயந்து நிறுத்துவதும் தவறு. உடனே டாக்டரைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு; செர்ட்ரலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது.

இனி வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமியாருக்கு பிரஷர் மாத்திரையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுப்பவள் அந்த மருமகள்தான். அவளுடைய மாத்திரைக்கு மட்டும் ஏன் இத்தனை கேள்வி? முதல் சில வாரங்கள் அவளைக் கூர்ந்து கவனியுங்கள், 25 வயதுக்குள் இருந்தால் இன்னும் கவனமாக. 'வாழவே பிடிக்கலை' என்றாலோ, இரவெல்லாம் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பேசிக்கொண்டே இருந்தாலோ, அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரைகளை மொத்தமாக வெளியே வைக்காமல் ஒருவர் பொறுப்பில் வைத்திருங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

செலவுக்கு யோசிப்பவர்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். மத்திய அரசு 2022ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவை இது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், கட்டணம் கிடையாது.

டாக்டரிடம் கேளுங்கள், சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். ஊர் வாய்க்குப் பயந்து மட்டும் மாத்திரையை நிறுத்தாதீர்கள், தோழியரே!