எடை மெஷின் மட்டும் போதாது: டயாலிசிஸ் நோயாளிகளின் ஊட்டச்சத்து மதிப்பீடு குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

டயாலிசிஸ் செய்துகொள்பவர் உடல் தேறுகிறாரா, கரைகிறாரா என்பதை எதை வைத்துச் சொல்வது? சிறுநீரக மருத்துவர்கள், டயாலிசிஸ் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், உணவியல் நிபுணர்கள், நோயாளிகளின் குடும்பத்தினர் சேர்ந்த எங்கள் அமைப்பு இக்கேள்விக்குத் தன் நிலைப்பாட்டை இங்கே பதிவு செய்கிறது.

எங்கள் நிலைப்பாடு

எடையையும் ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தின் அளவையும் மட்டும் பார்த்து ஊட்டச்சத்து நிலையை முடிவு செய்யக் கூடாது. நோயாளியிடம் பேசி, உடலைத் தொட்டுப் பார்த்து, கையை அளந்து செய்யும் முழு மதிப்பீடு எல்லா டயாலிசிஸ் மையங்களிலும் கட்டாயமாக வேண்டும்.

காரணங்கள்

சிறுநீர் சரியாகப் பிரியாத உடலில் நீர் தேங்குகிறது. தசை கரைந்த இடத்தை அந்த நீர் நிரப்பிவிடுகிறது. மெஷின் மாதக்கணக்கில் அதே 52 கிலோவைக் காட்டும். மணிக்கட்டில் இறுக்கமாக இருந்த வளையலோ கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடும். ட்ரை வெயிட்டை, அதாவது தேங்கிய நீரை நீக்கிய பின் இருக்க வேண்டிய எடையை, திருத்தாமல் விட்டால் மூச்சுத்திணறலும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்துகொள்கின்றன.

ஆல்புமின் குறைய சாப்பாட்டுக் குறை மட்டுமே காரணம் இல்லை. கதீட்டரில் கிருமித்தொற்று, உடலில் அழற்சி, நீர்த்தேக்கம் எதுவானாலும் அது குறையும். தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினின் இறங்கிவிட்டது என்று வீட்டார் மகிழ்வதையும் பார்க்கிறோம். டயாலிசிஸில் இருப்பவருக்கு அது தசை குறைவதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இழப்போ தொடர்ந்து நடக்கிறது. ஒரு முறை ஹீமோடயாலிசிஸ் செய்யும்போது ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் அமினோ அமிலங்கள் வெளியேறுகின்றன. வயிற்றுவழி டயாலிசிஸில் நாளுக்கு 5 முதல் 15 கிராம் புரதம் போகிறது. இதனால்தான், 2020இல் வெளியான அமெரிக்காவின் கே.டி.ஓ.க்யூ.ஐ. சிறுநீரக நோய் ஊட்டச்சத்து வழிகாட்டுதல், டயாலிசிஸ் நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதமும் 25 முதல் 35 கிலோகலோரி ஆற்றலும் வேண்டும் என்கிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். ஆனால் டயாலிசிஸுக்கு முன்பு சொன்ன "பருப்பைக் குறை, முட்டை, கறி தொடாதே" என்ற பத்தியத்தையே பல வீடுகள் இன்னும் கடைப்பிடிக்கின்றன. பசி இல்லாத உடம்புக்கு அது இரட்டைப் பட்டினி.

நாங்கள் கோருவது

1. டயாலிசிஸ் தொடங்கிய 90 நாட்களுக்குள் முழு மதிப்பீடு, பிறகு ஆண்டுதோறும். 6 மாதத்துக்கு ஒரு முறையாவது முதற்கட்டப் பரிசோதனை. மருத்துவமனையில் சேர்ந்து திரும்பினால் உடனே மறுபடியும்.

2. எடை மாற்றம், உணவு அளவு, வாந்தி, வயிற்றுப்போக்கு, நடமாட்டம், தோலடிக் கொழுப்பு, தசை ஆகியவற்றைப் பார்க்கும் 7 புள்ளி எஸ்.ஜி.ஏ. (ஒட்டுமொத்த ஊட்டச்சத்து மதிப்பீடு) முறை எங்கும் வர வேண்டும். ஹீமோடயாலிசிஸ் மையங்கள் 0 முதல் 30 வரை மதிப்பெண் தரும் எம்.ஐ.எஸ். (ஊட்டச்சத்துக் குறைவு-அழற்சி மதிப்பெண்) முறையையும் பயன்படுத்தலாம்.

3. மேற்கைச் சுற்றளவை டயாலிசிஸ் முடிந்த பிறகு, ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாய்) இல்லாத கையில் அளக்க வேண்டும். கைப்பிடி வலுவையும் கருவி கொண்டு அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கை, அதே முறை. அளவுகள் கேஸ் ஷீட்டில் ஏற வேண்டும்.

4. டயாலிசிஸ் தொடங்கும் நாளிலேயே பழைய பத்தியத்தை உணவியல் நிபுணர் திருத்தி எழுதித் தர வேண்டும். பொட்டாசியம், பாஸ்பரஸ் கட்டுப்பாடு ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அவரவர்க்குத் தனியாக அமைய வேண்டும்.

5. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. அவ்வாறு செல்லும் பணியாளர் கையில் அளவு நாடாவும் இருக்கட்டும். காப்பீட்டில் டயாலிசிஸுக்கு வழங்கும் தொகையில் ஊட்டச்சத்து மதிப்பீட்டுக்கும் இடம் வேண்டும்.

குடும்பத்தினருக்கு

ரவிக்கைக் கை தொளதொளப்பதையும் தட்டில் சோறு மிஞ்சுவதையும் முதலில் காண்பவர்கள் நீங்கள்தான். எடை குறையட்டும் என்று காத்திருக்காமல் அடுத்த டயாலிசிஸின்போதே செவிலியரிடம் சொல்லுங்கள். அதைக் காதுகொடுத்துக் கேட்டு, அன்றே கையை அளந்து பார்ப்பது எங்கள் உறுப்பினர்களின் கடமை.